கருந்துளையிலிருந்து ஆற்றலைக் கறக்க முடியுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் பகுதிகளில் வாழும் மாணவர்கள் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் சுழலும் பெரிய மர உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். 'டிரம்' என்று அவற்றைச் சொல்வார்கள். தோல்களையும் நீரையும் பதனிடும் சரக்கையும் உள்ளே இட்டு மோட்டாரால் சுழற்றுவார்கள். மோட்டாரை நிறுத்தினால் அந்தக் கணமே உருளை நின்றுவிடுவதில்லை. சற்று நேரம் தானாகச் சுழன்று, வேகம் குறைந்து, பிறகே நிற்கிறது. மோட்டார் நின்ற பிறகு அதைச் சுழற்றியது எது? உருளை தன் சுழற்சியில் சேர்த்து வைத்திருந்த ஆற்றல்தான்.

சுழலும் பொருள் எதுவானாலும் அதில் ஆற்றல் சேர்ந்திருக்கும். எண்ணெய் எஞ்சினின் பக்கத்தில் கனத்த சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருப்பதும் இதற்காகவே. பூமி சுழல்கிறது, சூரியன் சுழல்கிறது, விண்மீன்கள் சுழல்கின்றன. விண்மீன் அழிந்து உண்டாகும் கருந்துளையும் சுழல்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. கருந்துளைக்குள் போன எதுவும், ஒளி உட்பட, திரும்பி வருவதில்லை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் அதன் சுழற்சியில் சேர்ந்துள்ள ஆற்றல் என்றென்றைக்கும் பூட்டப்பட்டதுதானா? அல்லது அதை வெளியே எடுக்க வழி உண்டா? உண்டு என்பதே விடை. ஆனால் அந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

கருந்துளையும் அதன் சுழற்சியும்

பூமியை விட்டுத் தப்பிச் செல்ல ஒரு பொருளுக்கு விநாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். சூரியனின் பரப்பிலிருந்து தப்ப விநாடிக்கு சுமார் 618 கி.மீ. வேண்டும். சூரியனின் பொருண்மை முழுவதையும் 3 கி.மீ. ஆரமுள்ள கோளத்துக்குள் அடக்கிவிட்டதாகக் கொள்வோம். அங்கிருந்து தப்புவதற்கு ஒளியின் வேகமான விநாடிக்கு 3 இலட்சம் கி.மீ. தேவைப்படும். அதுதான் கருந்துளை. திரும்பி வர இயலாத அந்த எல்லைக்கு 'நிகழ்வெல்லை' என்று பெயர். நம் சூரியன் கருந்துளையாக மாறப்போவதில்லை. அதைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன்களே எரிபொருள் தீர்ந்தபின் தம் ஈர்ப்பாலேயே நொறுங்கிக் கருந்துளைகளாகின்றன.

சுழலும் நாற்காலியில் கைகளை விரித்து அமர்ந்திருப்பவர் கைகளை மடக்கிக்கொண்டால் வேகமாகச் சுழல்வார். கோண உந்தம் மாறாது என்பதே இதற்குக் காரணம். பல இலட்சம் கி.மீ. அகலமுள்ள விண்மீனின் நடுப்பகுதி சில கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போதும் இதுவே நிகழ்கிறது. எனவே கருந்துளைகள் சுழலாமல் இருந்தால்தான் வியப்பு!

வெளியே சுழல்கிறது

சுழலும் கருந்துளையை விவரிக்கும் சமன்பாட்டை 1963-இல் நியூசிலாந்து நாட்டுக் கணித அறிஞர் ராய் கெர் கண்டுபிடித்தார். அது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையிலிருந்து கிடைத்தது. சுழலும் பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள வெளியையும் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது என்று அது கூறுகிறது.

தயிர்ப் பானையில் மத்தைச் சுழற்றிப் பாருங்கள். மத்துக்கு அருகிலுள்ள தயிர் வேகமாகச் சுழலும். விலக விலக வேகம் குறையும். கருந்துளையை மத்தாகவும், சுற்றியுள்ள வெளியைத் தயிராகவும் எண்ணிக்கொள்ளலாம்.

இது வெறும் கற்பனை அன்று. பூமியும் தன்னைச் சூழ்ந்த வெளியை மிகச் சிறிதளவு இழுக்கிறது. அமெரிக்காவின் நாசா 2004-இல் செலுத்திய 'கிராவிட்டி புரோப் பி' என்னும் செயற்கைக்கோள் இதனை அளந்தது. 2011-இல் முடிவு வெளியாயிற்று. செயற்கைக்கோளுக்குள் சுழன்றுகொண்டிருந்த பந்துகளின் அச்சு, இந்த இழுப்பால் ஆண்டுக்கு ஒரு பாகையில் ஏறத்தாழ 1 இலட்சத்தில் ஒரு பங்கு திரும்பியிருந்தது. பூமியிடம் இவ்வளவு சிறிதாக உள்ள விளைவு, கருந்துளையின் அருகே எதிர்க்க முடியாத பெருவெள்ளமாகிவிடுகிறது.

நிகழ்வெல்லைக்கு வெளியே ஒரு பகுதியில், எவ்வளவு ஆற்றல் மிக்க ராக்கெட்டாலும் அசையாமல் நிற்க முடியாது. ஒளியும்கூடக் கருந்துளை சுழலும் திசையிலேயே சுற்றியாக வேண்டும். ஆனால் அங்கிருந்து தப்பி வெளியே வர முடியும்! ஏனெனில் அது நிகழ்வெல்லைக்கு வெளியே உள்ளது. இப்பகுதியை நாம் 'ஆற்றல் மண்டலம்' என்று அழைப்போம். துருவங்களில் அது நிகழ்வெல்லையைத் தொட்டுக்கொண்டும், நடுக்கோட்டில் நன்கு புடைத்தும் இருக்கும். சூரியனைப் போல் 10 மடங்கு பொருண்மையுடன் முழு வேகத்தில் சுழலும் கருந்துளைக்கு நிகழ்வெல்லையின் ஆரம் சுமார் 15 கி.மீ.; ஆற்றல் மண்டலமோ நடுக்கோட்டில் 30 கி.மீ. வரை பரவியிருக்கும்.

சுழலும் கருந்துளையில் 'அசையாமல் நிற்கும் எல்லை'யும் 'திரும்ப முடியாத எல்லை'யும் வெவ்வேறு என்பதை 1968-இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா. அப்போது அவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர். பின்னாளில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையில் ஏறினால் வரும் காவலூர் வானாய்வகத்தை நடத்துவது இந்த நிறுவனமே.

பென்ரோஸ் சொன்ன வழி

1969-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் ஒரு வழியைக் கூறினார். ஒரு பொருளை ஆற்றல் மண்டலத்துக்குள் எறிய வேண்டும். அங்கே அது இரண்டு துண்டுகளாக உடைய வேண்டும். ஒரு துண்டு கருந்துளையின் சுழற்சிக்கு எதிராகப் பாய்ந்து நிகழ்வெல்லைக்குள் விழ வேண்டும். மற்றது வெளியே தப்பி வர வேண்டும். சரியான முறையில் உடைந்தால், வெளியே வரும் துண்டின் ஆற்றல், உள்ளே எறிந்த முழுப் பொருளின் ஆற்றலைவிட அதிகமாக இருக்கும்!

வரவு செலவைப் பார்ப்போம். உள்ளே எறிந்த பொருளின் ஆற்றல் 100 அலகு என்க. கருந்துளைக்குள் விழும் துண்டின் ஆற்றல் −20 அலகு. ஆற்றல் அழியாது ஆதலால்,

100 = (−20) + 120

வெளியே வருவது 120 அலகு. நமக்கு இலாபம் 20 அலகு. இம்முறையில் ஓர் எறிதலில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய இலாபம் 20.7 விழுக்காடு என்று கணக்கிட்டுள்ளனர்.

கணக்கில் ஏமாற்று உள்ளதா?

"ஆற்றல் எப்படி ஐயா சுழிக்குக் கீழே போகும்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இதுதான் இப்பாடத்தின் கடினமான படி. மெதுவாக ஏறுவோம்.

கிணற்றின் அடியில் கிடக்கும் கல்லை மேலே கொண்டுவர நாம் ஆற்றல் செலவிட வேண்டும். எனவே கிணற்றின் விளிம்பைச் சுழியாகக் கொண்டால், அடியிலுள்ள கல்லின் நிலையாற்றல் எதிர்க்குறி உடையது. பொருளுக்குத் தன் பொருண்மையாலும் ஆற்றல் உண்டு. ஐன்ஸ்டைனின் விதிப்படி அது,

ஆற்றல் = பொருண்மை × (ஒளியின் வேகம்)²

கிணற்றுக் கல்லின் 'கடன்' இந்தப் பெரிய 'சொத்தின்' முன்னே தூசுக்கும் சமமில்லை. ஆகவே கூட்டுத்தொகை நேர்க்குறியாகவே இருக்கும். பூமியிலும் சூரியனிலும் எப்போதும் இப்படித்தான். சுழலும் கருந்துளையின் ஆற்றல் மண்டலத்தில் மட்டும் நிலைமை மாறுகிறது. அங்கே வெளியின் சுழற்சியை எதிர்த்துப் போதிய வேகத்தில் பாயும் பொருளுக்குக் கடன் சொத்தை மிஞ்சிவிடுகிறது. தொலைவில் இருந்து அளப்பவருக்கு அதன் மொத்த ஆற்றல் எதிர்க்குறியாகிறது.

அந்தக் கடனை யார் தீர்ப்பது? கருந்துளைதான். −20 அலகை விழுங்கியதால் அதன் பொருண்மை அந்த அளவுக்குக் குறைகிறது. சுழற்சியும் குறைகிறது. திருவிழாவில் சுற்றும் ராட்டினத்தின் மேல், அது சுற்றும் திசைக்கு எதிராக ஓடி வந்து ஒருவர் ஏறினால் ராட்டினத்தின் வேகம் குறையும் அன்றோ? அது போன்றதே இது. ஆகவே நமக்குக் கிடைத்த இலாபம் சூனியத்திலிருந்து வந்ததன்று. கருந்துளையின் சுழற்சியிலிருந்து வந்தது. ஆற்றல் அழியா விதி இங்கேயும் இம்மியும் மீறப்படவில்லை. உள்ளே போன எதுவும் திரும்பி வரவும் இல்லை. அந்தத் துண்டு உள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு எடுக்கலாம்?

மீண்டும் மீண்டும் எறிந்து கருந்துளை முழுவதையும் ஆற்றலாக மாற்றிவிடலாமா? முடியாது. 1970-இல், தம் 19-ஆம் வயதில், கிரேக்க நாட்டு மாணவர் டெமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலு, கருந்துளையின் பொருண்மையில் எந்த வழியாலும் குறைக்க முடியாத பகுதி ஒன்று உண்டு என்று காட்டினார். அடுத்த ஆண்டில் ஸ்டீஃபன் ஹாக்கிங் ஒரு விதியை நிறுவினார்: இத்தகைய நிகழ்ச்சிகளில் நிகழ்வெல்லையின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது.

இந்த விதியைக் கொண்டு எல்லையை நீங்களே கணக்கிடலாம்.

1. சுழலாத கருந்துளையின் பரப்பு அதன் பொருண்மையின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

2. அதே பொருண்மையுடன் முழு வேகத்தில் சுழலும் கருந்துளையின் பரப்பு அதில் சரிபாதி.

முழு வேகத்தில் சுழலும் கருந்துளையின் பொருண்மை 1 என்க. அதன் பரப்பு ½ ஆகும். சுழற்சி முழுவதையும் எடுத்துவிட்ட பின் மிஞ்சும் பொருண்மை 'ம' என்றால், அப்போதைய பரப்பு ம². பரப்பு குறையக் கூடாது. எனவே ம² ஆனது ½-க்குக் குறையக் கூடாது; அதாவது 'ம' 0.707-க்குக் குறையக் கூடாது. ஆகவே எடுக்கக்கூடியது அதிகப்படியாக 0.293, அதாவது 29 விழுக்காடு. மிச்சம் 71 விழுக்காடு பூட்டிய பெட்டகத்தில் உள்ள முதல். அதில் கை வைக்க முடியாது.

29 விழுக்காடு என்பது சிறிதா? சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது பொருண்மையில் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது. சூரியனைப் போல் 10 மடங்கு பொருண்மையுள்ள கருந்துளை முழு வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், அதிலிருந்து 2.9 சூரியப் பொருண்மைக்கு ஈடான ஆற்றலை எடுக்கலாம். அது சுமார் 5 × 10⁴⁷ ஜூல். நம் சூரியன் தன் 1000 கோடி ஆண்டு வாழ்வில் வெளியிடுவது சுமார் 1.2 × 10⁴⁴ ஜூல். அப்படிப்பட்ட 4000 சூரியன்களின் வாழ்நாள் உழைப்பு ஒரே கருந்துளையின் சுழற்சியில் அடங்கியுள்ளது!

பரப்பு விதி சோதிக்கப்பட்டதா? 2025 சனவரி 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான ஈர்ப்பலை பதிவாயிற்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 33 சூரியப் பொருண்மை உடையது. மோதலுக்கு முன் அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டின் பரப்பைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. மோதலுக்குப் பின் பரப்பு சுமார் 4,00,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு. மூன்று சூரியன்களின் பொருண்மை ஈர்ப்பலைகளாக வெளியேறியும் பரப்பு கூடியே இருக்கிறது. ஹாக்கிங்கின் விதி பொய்க்கவில்லை.

இயற்கை இதைச் செய்கிறதா?

பென்ரோஸின் வழி கொள்கையளவில் சரி. ஆனால் 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு தடை தெரியவந்தது. துண்டுகள் ஒன்றையொன்று விட்டு ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பிரிந்தால்தான் இலாபம் கிட்டும். இயற்கையில் பொருள்கள் அவ்வளவு வேகமாக உடைந்து சிதறுவது அரிது. எனவே, அழகான கணக்கு, ஆனால் பயன்படாத கணக்கு என்று பலர் அதை ஒதுக்கிவிட்டனர்.

தடையைத் தாண்டும் துணை காந்தப் புலத்தில் கிடைத்தது. 1985-இல் இந்திய அறிஞர்களான எஸ். எம். வாக், எஸ். வி. துரந்தர், நரேஷ் ததீச் ஆகிய மூவரும், கருந்துளையைக் காந்தப் புலம் சூழ்ந்திருந்தால் நிலைமை மாறும் என்று காட்டினர். மின்னூட்டம் கொண்ட துண்டை எதிர்க்குறி ஆற்றல் நிலைக்குத் தள்ளும் வேலையை மின்காந்தப் புலமே செய்துவிடும். துண்டுகள் அத்தனை வேகத்தில் பிரிய வேண்டியதில்லை. பென்ரோஸ் முறைக்கு மறுவாழ்வு அளித்த ஆராய்ச்சி இது.

இதற்கு முன்பே, 1977-இல், கேம்பிரிட்ஜில் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் காந்தப் புலத்தைக் கொண்டே மற்றொரு வழியைக் கூறியிருந்தனர். மிதிவண்டியில் உள்ள டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழல்கிறது, டைனமோ மின்சாரம் தருகிறது, விளக்கு எரிகிறது, மிதிப்பது சற்றுக் கடினமாகிறது. கருந்துளையைச் சுற்றி வரும் சூடான வாயுவில் காந்தப் புலம் உள்ளது. அந்தப் புலக் கோடுகள் கருந்துளையை ஊடுருவி நிற்கும்போது, அதன் சுழற்சி அவற்றைக் கயிறு போல் முறுக்குகிறது. மின்னோட்டம் பிறக்கிறது. துருவங்களின் வழியே ஆற்றல் பீறிட்டு வெளியேறுகிறது. கருந்துளையின் சுழற்சி சிறிது சிறிதாகத் தளர்கிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. கன்னி விண்மீன் குழுவில், சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 'எம் 87' என்னும் மாபெரும் விண்மீன் மண்டலம் உள்ளது. வானநடுக்கோட்டுக்கு வடக்கே 12.4 பாகையில் அது உள்ளது. ஆலங்காயத்தின் அட்சரேகை 12.6 பாகை வடக்கு. எனவே சித்திரை மாதத் தொடக்கத்தில் இரவு 11 மணியளவிலும், மாத முடிவில் 9 மணியளவிலும் ஆலங்காயத்தில் நின்று நேர் உச்சியைப் பார்த்தால் எம் 87 இருக்கும் திசையையே பார்க்கிறீர்கள். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. சிறிய தொலைநோக்கியில் மங்கிய பஞ்சு போல் தெரியும்.

1918-இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் எடுத்த ஒளிப்படத்தில், அதன் நடுவிலிருந்து நேர்க்கோடு போன்ற ஒளிக்கீற்று ஒன்று நீண்டிருந்தது. அது சுமார் 5000 ஒளியாண்டு நீளமுள்ள பீற்று என்பதை இன்று அறிவோம். அதன் அடியில் 650 கோடி சூரியன்களின் பொருண்மை கொண்ட கருந்துளை இருக்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த முதல் கருந்துளைப் படம் அதனுடையதே. 2021-இல் அதன் விளிம்பில் வலுவான காந்தப் புலம் இருப்பது தெரியவந்தது. 2023-இல், அந்தப் பீற்று பம்பரத்தின் தலையாட்டம் போல் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஆடுவதைக் கண்டனர். கருந்துளை சுழல்கிறது என்பதற்கு அது சான்று. சுழற்சி, காந்தப் புலம், பீற்று ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியுள்ளன. அந்தப் பீற்றின் ஆற்றலில் எவ்வளவு கருந்துளையின் சுழற்சியிலிருந்தும், எவ்வளவு சுற்றிவரும் வாயுவிலிருந்தும் வருகிறது என்பதை வானியலார் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

மனிதன் கருந்துளைக்கு அருகே மின்நிலையம் கட்டும் நாள் வருமோ வராதோ, நமக்குக் கிடைத்த பாடம் பெரிது. கருந்துளை எதையும் திருப்பித் தராது என்பது உண்மை. ஆயினும் தன் சுழற்சியை நிகழ்வெல்லைக்கு வெளியேயும் பரப்பி வைத்திருப்பதால், அதை மட்டும் அது இழக்கக்கூடும். சுழற்சி முழுவதும் தீர்ந்தபின் எஞ்சும் கருந்துளையிடமிருந்து இந்த வழியில் ஒரு ஜூலும் பெற முடியாது.

சிந்தித்து விடை காண்க

1. சுழலாத கருந்துளையிலிருந்து பென்ரோஸ் முறையில் ஆற்றல் பெற முடியாது. ஏன்?

2. 20 சூரியப் பொருண்மையுடன் முழு வேகத்தில் சுழலும் கருந்துளையின் சுழற்சி ஆற்றல் முழுவதையும் எடுத்துவிட்டால், குறைந்தது எத்தனை சூரியப் பொருண்மை எஞ்சும்? (குறிப்பு: 20-ஐ 0.707-ஆல் பெருக்குக.)

3. மிதிவண்டி டைனமோவில் சக்கரம், காந்தம், விளக்கு ஆகிய மூன்றுக்கும் ஒப்பாக எம் 87-இல் எவற்றைச் சொல்லலாம்? இந்த ஒப்புமை எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது?